மூணு பீஸ் அலாய் வீலும் தலை தெறிச்ச அஞ்சு போல்ட்டும்: காரைக்குடி பக்கம் ஒரு வீட்டுல நடந்த வேலை

பின்னணி

காரைக்குடியில இருந்து பைக்ல அரை மணி நேரம் போனா வர்ற ஒரு ஊர். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெருன்னு நீளமா கிடக்கிற செட்டியார் வீடு. அதுல இப்ப இருக்கிறது ஆச்சியும், சிங்கப்பூர்ல இருபது வருஷம் வேலை பாத்துட்டு ஊர் திரும்புன அவங்க மகனும்தான். அவரை இங்க அண்ணன்னே சொல்றேன், நேர்லயும் அப்படித்தான் கூப்பிடுவேன். காரு மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் மாடல், ரெண்டே சீட்டு, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. குடும்பத்துல ஒருத்தர் 90கள்ல கொண்டு வந்தது, ரொம்ப நாள் ஷெட்ல துணி போத்திக் கிடந்துச்சு.

இஞ்சின் வேலையெல்லாம் மதுரையில முடிஞ்சு வந்தப்புறம் மிச்சம் இருந்தது வீலு. 15 இஞ்ச், மூணு பீஸ். இந்த மாதிரி வீலைப் பாக்காதவங்களுக்காக: சாதா அலாய் வீல் ஒரே வார்ப்பு. இதுல நடுவுல ஸ்போக் இருக்கிற சென்டர் தனி, வெளிப்பக்கம் பளபளன்னு தெரியற லிப் தனி, உள்பக்கம் இருக்கிற பேரல் தனி. மூணையும் வட்டமா சின்னச் சின்ன போல்ட் போட்டு இறுக்கி, லிப்பும் பேரலும் சேர்ற இடத்துல டயர் பக்கமா சிலிக்கான் அடிச்சு காத்து போகாம அடைச்சிருப்பாங்க. இந்த வீல்ல ஒரு வீலுக்கு 30 போல்ட், நாலு வீலுக்கு 120. எல்லாம் எம்7 சைஸ், அதாவது 7 மில்லி தடிமன், பன்னிரண்டு முனைத் தலை. கிரேடு 12.9, கிரேடு நம்பர் ஏற ஏற எஃகு கெட்டி.

நான் லேத் வேலை பாக்குறவன். வீல் ஆட்டத்தை அளக்கற டயல் கேஜும், எவ்வளவு இறுக்கறோம்னு அளந்து காட்டற சின்ன டார்க் ரெஞ்சும் என்கிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டு கூப்பிட்டாரு. வேலை ஆரம்பிச்சது கத்திரி வெயில்ல, முடிஞ்சது புரட்டாசியில. ஒரு மாசம்னு நினைச்ச வேலை.

கழட்டும்போது பாத்தது

கழட்டறதுக்கு முன்னாடி மூணு பீஸ்லயும் ஒரே கோட்டுல மார்க்கர் போட்டோம், வால்வு ஓட்டைக்கு நேரா. நாலு வீலோட பீஸும் ஒண்ணோடொண்ணு கலந்துறக் கூடாதுன்னு நம்பரும் எழுதினோம். இது சின்ன வேலைதான், ஆனா விட்டா அப்புறம் வீல் ஆட்டம் எங்க இருந்து வருதுன்னே கண்டுபிடிக்க முடியாது.

லிப்பு மேல இருந்த க்ளியர் கோட்டுக்கு அடியில வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடா ஓடியிருந்துச்சு. கல்லு பட்டு கோட்டு உடைஞ்ச இடத்துல ஈரம் உள்ள போயி கோட்டுக்கு அடியிலயே அலுமினியம் அரிக்கறதுதான் அது. ஷெட்ல கிடந்த காருக்கு எப்படி இவ்வளவுன்னு கேக்கலாம், ஐப்பசி கார்த்திகை மழையில மூடி வச்ச துணியே ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.

மூணாம் நம்பர் வீல்ல ஏழு போல்ட் ரெஞ்சே இல்லாம கைவிரல்ல திரும்புச்சு. பிரிச்சுப் பாத்தா சென்டரும் லிப்பும் ஒட்டி உக்கார்ற முகத்துல தடிப்பா பெயிண்ட். யாரோ முன்னாடி ஒரு தடவை பிரிச்சு அந்த முகத்துலயும் சேத்து அடிச்சிருக்காங்க. பெயிண்ட் அழுத்தத்துல மெல்ல மெல்ல நசுங்கி விட்டுக்கொடுக்கும், விட்டுக்கொடுத்த அளவுக்கு போல்ட்டோட இறுக்கம் போயிரும். அன்னைக்கே அண்ணன்கிட்ட சொன்னேன், இந்த வீலோட ஓடியிருந்தா எப்ப வேணா காத்து இறங்கியிருக்கும்னு. அப்ப போல்ட்டைப் பத்தி நான் யோசிச்சது அவ்வளவுதான், அதுதான் தப்பாப் போச்சு.

சென்டர்ல வெடிப்பு இருக்கான்னு பாக்க சிவப்பு டை அடிச்சு தொடைச்சு மேல வெள்ளை டெவலப்பர் அடிச்சோம். வெடிப்பு இருந்தா உள்ள போன சிவப்பு வெள்ளையில கோடா வெளிய வரும். நாலுலயும் ஒண்ணும் வரல.

எடுத்த முடிவுகள்

பவுடர் கோட்டா, பெயிண்ட்டா? பவுடர் கோட் அழகா இருக்கும், கல்லடியும் தாங்கும், ஆனா அதை 180ல இருந்து 200 டிகிரி சூட்டுல வைக்கணும். அலாய் வீலைச் சூட்டுல வச்சு பலம் குடுக்குற ஏஜிங்கே 150, 170 டிகிரி வாக்குலதான் நடக்குது, அதுக்கு மேல எவ்வளவு நேரம் வைக்கறோம்கிறது முக்கியம். பக்கத்துல இருக்கிற கோட்டிங் ஷெட்ல கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடுற அதே அடுப்பு, மீட்டர் சரியாக் காட்டுதான்னு அவங்களுக்கே தெரியல. வேண்டாம்னு விட்டு, ப்ரைமரும், ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே பெயிண்ட்டும் அடிச்சோம், தங்கக் கலர். ஒட்டுற முகத்துலயும் போல்ட் தலை உக்கார்ற இடத்துலயும் டேப் ஒட்டி மறைச்சோம், மூணாம் வீல் பாடம் அது.

லிப்பை என்ன பண்றது? க்ளியர் கோட்டை பெயிண்ட் ரிமூவர் வச்சு எடுத்துட்டு வாட்டர் பேப்பர் 320, 400, 600, 800, 1000, 1500, 2000னு வரிசையா தண்ணி விட்டுத் தேய்ச்சோம். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கிற திசையை மாத்தணும், அப்பதான் முன்னாடி நம்பர் போட்ட கீறல் போயிருச்சான்னு கண்ணுக்குத் தெரியும். 600ல அவசரப்பட்டா 2000 முடிச்சு பஃப் (சுத்தற துணிச் சக்கரத்துல பாலிஷ்) போட்டப்புறம்தான் அந்தக் கீறல் பல்லைக் காட்டும், திரும்ப 400ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரு லிப்புக்கு ரெண்டு நாள் ஆச்சு.

பஃப் போட காரைக்குடியில குத்துவிளக்கு பாலிஷ் பண்றவர்கிட்ட கேட்டோம். அவர் லிப்பைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்துட்டு சொன்னது: "அண்ணே, பித்தளைக்குப் போட்ட பஃப்ல இதை வச்சா கறுத்துப் போகும், கீறலும் விழும். புதுத் துணி பஃப் ரெண்டு வாங்கியாங்க, இதுக்குன்னே தனியா வச்சுப் போட்டுத் தர்றேன்." அப்படியே செஞ்சாரு. ஒரே இடத்துல அழுத்தாம கையை நகத்திக்கிட்டே இருந்தாரு, மெல்லிசு லிப்பு சூடேறி நெளிஞ்சிரக் கூடாதுன்னு. இந்த மொத்த வேலையில யாரும் குறை சொல்ல முடியாத பகுதி அவரோடதுதான்.

பாலிஷ் முடிஞ்சதும் மேல க்ளியர் அடிக்கறதா வேண்டாமாங்கிறதுக்கு ரெண்டு நாள் பேச்சு ஓடுச்சு. அடிச்சா கொஞ்ச வருஷம் கவலை இல்ல, உடைஞ்சா திரும்ப அதே புழுக்கோடு. அடிக்காம விட்டா மாசத்துக்கு ஒரு தடவை கையால தேய்க்கணும். அண்ணன் தேய்ச்சுக்கறேன்னுட்டாரு.

தரையில விழுந்த வட்டம்

இது நடுவுல நடந்தது. பேரலோட உள்பக்கம் பிரேக் கரி ஏறிப் போயிருந்துச்சு. நான் இல்லாத ஒரு நாள் அண்ணன் பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணியில கலந்து ஊத்தித் தேய்ச்சிருக்காரு, ரெண்டாங்கட்டுல, தாழ்வாரத்து ஓரமா, ஆத்தங்குடிக் கல்லு மேல. பேரல் சாம்பல் கலரா கறுத்துருச்சு, அது மறுபடி தேய்ச்சதுல போச்சு. கல்லு போகல. ஆத்தங்குடிக் கல்லு சூளையில சுட்டது கிடையாது, கண்ணாடி மேல கலரை ஊத்தி, பின்னாடி சிமிண்ட்டும் மணலும் போட்டு அழுத்தி, தண்ணியில ஊறவச்சு எடுக்கறது. அந்த வழவழப்பு கண்ணாடியில இருந்து வந்தது. சிமிண்ட்டை ஆசிட் தின்னும். வீலு இருந்த இடம் முழுக்க 15 இஞ்ச் வட்டமா மங்கி சொரசொரன்னு ஆயிருச்சு.

ஆச்சி கோவப்படல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. "ஐயா காலத்துல போட்ட கல்லு, இப்பப் போயி வாங்குனா இந்தச் செவப்பு வராதுப்பா"ன்னு மட்டும் சொன்னாங்க. ஆத்தங்குடிக்கே போயி கேட்டோம், அதே டிசைன் போட்டுத் தர்றேன்னாங்க, ஆனா பழைய கல்லு பக்கத்துல வச்சா ஒட்டுப்போட்ட மாதிரிதான் தெரியும்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. அன்னையில இருந்து வேலையெல்லாம் பின்கட்டுக்கு வெளிய, தார்ப்பாய் விரிச்சு.

போல்ட்டை பிளேட்டிங்குக்கு அனுப்புனது

லிப்பு கண்ணாடி மாதிரி ஆனப்புறம் அதைச் சுத்தி இருக்கிற 30 போல்ட்டும் துருவோட அசிங்கமாத் தெரிஞ்சுச்சு. நிக்கல் பிளேட்டிங், அதாவது நிக்கல் முலாம் போட்டா பளிச்சுன்னு இருக்கும்னு அண்ணன் சொன்னாரு, நானும் சரின்னேன். வேற ஊர்ல ஒரு பிளேட்டிங் கடை, பேரு வேண்டாம், அவங்க மேல தப்பும் இல்ல, நாங்க குடுத்தது ஒரு பை நிறைய துருப்பிடிச்ச போல்ட், கேட்டது பளபளப்பு. இது 12.9 கிரேடு, கார் வீல்ல போறதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. எல்லாத்துக்கும் பண்ற மாதிரி துரு போக ஆசிட்ல ஊறப்போட்டு, கழுவி, பிளேட்டிங் தொட்டியில போட்டு எடுத்தாங்க. நாலு நாள்ல திரும்பி வந்துச்சு, நகைக்கடையில வச்ச மாதிரி இருந்துச்சு.

இறுக்குனது ஒண்ணாம் நம்பர் வீல் மட்டும். வீல் கம்பெனி சொல்ற டார்க்குல, ஒண்ணு விட்டு எதிர் ஒண்ணா, மூணு சுத்துல. டார்க் எவ்வளவுன்னு இங்க எழுதல, வீலுக்கு வீல் மாறும், வேற வீலோட நம்பரைப் பாத்து இறுக்கறது ஆபத்து. அப்புறம் சிலிக்கான். ஹார்டுவேர் கடையில முதல்ல வாங்குனது மூடியைத் தொறந்ததும் வினிகர் வாசனை அடிச்சுச்சு, அது காயும்போது அசிட்டிக் ஆசிட் விடற ரகம், அலுமினியத்துக்கு ஆகாது. தூக்கிப் போட்டுட்டு வாசனை இல்லாத நியூட்ரல் ரகம் வாங்கி அடிச்சோம். ரெண்டு நாள் காயட்டும்னு வச்சோம். அந்த ரெண்டு நாள்தான் எங்களைக் காப்பாத்துச்சு.

முதல் ராத்திரி

அன்னைக்கு ராத்திரி பதினோரு மணி வாக்குல அண்ணன் போன் பண்ணாரு. "தம்பி, வீலு இருக்கிற ரூம்ல டிக்குனு ஒரு சத்தம், பல்லியா என்னன்னு போனேன், தரையில ஒரு போல்ட் தலை கிடக்கு." விடியக்காலையில நான் போகும்போது ரெண்டு தலை. மறுநாள் ராத்திரி இன்னும் மூணு. யாரும் தொடல, டயர் இல்ல, காத்து இல்ல, காருல மாட்டல. பாய் மேல படுத்துக் கிடக்கிற வீல்ல இருந்து போல்ட் தலை தானாத் தெறிச்சு விழுது.

நான் முதல்ல நினைச்சது ஓவரா இறுக்கிட்டேன்னு. ஓவரா இறுக்குனா போல்ட் இழுபட்டு கழுத்து ஒல்லியாகி அப்புறம் அறும், இறுக்கும்போதே அறும். இது அப்படி இல்ல. உடைஞ்ச முகத்தை லென்ஸ் வச்சுப் பாத்தேன், இழுபடவே இல்ல, நேரா வெட்டுன மாதிரி உடைஞ்சு, கற்கண்டை உடைச்சா தெரியற மாதிரி மின்னி மின்னி பொடிப்பொடியா. அஞ்சுமே தலைக்குக் கீழ தண்டு ஆரம்பிக்கிற அந்த மூலையிலதான் போயிருக்கு.

செக்ரியில, அதாவது காரைக்குடியில இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடத்துல, வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு சார் எங்க கடைக்கு எப்பவாச்சும் வருவாரு. அவர்கிட்ட கொண்டு போனேன். உடைஞ்ச முகத்தை வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு கேட்டது ரெண்டே கேள்வி: "ஆசிட்ல எவ்வளவு நேரம் கிடந்துச்சு? பிளேட்டிங் முடிஞ்சதும் சூட்டுல வச்சாங்களா?" முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. ரெண்டாவதுக்குக் கடைக்குப் போன் போட்டா "எதுக்கு சார் சூடு பண்ணணும்?"னு திருப்பிக் கேட்டாங்க.

என்ன நடந்துச்சு

சார் சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதறேன். இரும்பை ஆசிட்ல போட்டா குமிழ் வருமே, அது ஹைட்ரஜன். குமிழாகி வெளிய போகாத கொஞ்சம் ஹைட்ரஜன் தனித்தனி அணுவா இரும்புக்குள்ளயே புகுந்துரும், அவ்வளவு பொடிசு அது. பிளேட்டிங் தொட்டியிலயும் கரண்ட் ஓடும்போது இதே கதை, மேல நிக்கல் மூடிட்டா உள்ள போனது சுலபத்துல வெளிய வராது. போல்ட் சும்மா பையில கிடக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. இறுக்கினதும் இழுவிசை அதிகமா இருக்கிற மூலைக்கு அந்த ஹைட்ரஜன் நகந்து போயி சேருது, அங்க வெடிப்பு மெல்ல ஓடி, சில மணி நேரமோ சில நாளோ கழிச்சு பட்டுனு உடையுது. எஃகு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மோசம். சாதா 8.8 போல்ட்டுக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்ல, 10.9க்குக் கவனம் வேணும், 12.9ஐ ஆசிட்டுல காட்டவே கூடாது. அப்படியும் பிளேட்டிங் போட்டே ஆகணும்னா முடிஞ்ச சில மணி நேரத்துக்குள்ள 190, 200 டிகிரி சூட்டுல பல மணி நேரம் வச்சு ஹைட்ரஜனை வெளியேத்தணும்.

இதுல எனக்கு வெக்கமா இருந்தது என்னன்னா, நாங்க இருக்கிற ஊரு எது? துருவுக்கும் பிளேட்டிங்குக்கும்னே நாடு ஒரு ஆராய்ச்சிக்கூடம் வச்சிருக்கிற ஊரு. 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டுனது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுத்து இங்க கொண்டு வந்தது. சின்ன வயசுல இருந்து அந்த காம்பவுண்டை ஒட்டி சைக்கிள்ல போனவன் நான். கேக்கணும்னு தோணியிருந்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் எடுத்த முடிவு

உடையாத 115 போல்ட்டை என்ன பண்றதுங்கிறதுல எனக்கும் அண்ணனுக்கும் கொஞ்சம் உரசல். "அஞ்சு போச்சு, மிச்சம் நல்லாத்தானே இருக்கு, இப்பக் கொண்டு போயி சூட்டுல வச்சா சரியாகாதா?"ன்னாரு. சாரோட பதில்: இறுக்குன வீல்ல இருக்கிற 25ல எதுல வெடிப்பு ஏற்கனவே ஆரம்பிச்சிருக்குன்னு கண்ணால சொல்ல முடியாது, ஆரம்பிச்ச வெடிப்பை சூடு ஒட்ட வைக்காது. இறுக்காத மூணு வீலோட 90ஐயும் இவ்வளவு நாள் கழிச்சு சூடு பண்ணி நம்பறது சூதாட்டம். மொத்தமும் வேண்டாம்னு முடிவாச்சு. யாரும் எடுத்து வேற எதுக்கும் மாட்டிறக் கூடாதுன்னு 115லயும் நானே உக்காந்து கிரைண்டர்ல மரையை அறுத்தேன்.

புது போல்ட் தேடறது அடுத்த கதை. காரைக்குடியில, புதுக்கோட்டையில, திருச்சியில கேட்டோம். "எம்6 இருக்கு, எம்8 இருக்கு, எம்7னு ஒண்ணு இருக்காண்ணே?"ன்னுதான் எல்லாக் கடையிலயும். ஓட்டையைப் பெருசாக்கி எம்8 போட்டுக்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. லேத் என்கிட்டயே இருக்கு, அரை நாள் வேலை. ஆனா ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவுல இருக்கிற அலுமினியம் கம்மி, அதுல இன்னும் சுரண்டி எடுக்க எனக்கு மனசு வரல. எஸ்எஸ் போல்ட் போட்டா துருவே பிடிக்காதேன்னு இன்னொரு யோசனை, சொன்னவர் டயர் கடைக்காரர். கடையில கிடைக்கிற சாதா எஸ்எஸ்ஸோட பலம் 700 மெகாபாஸ்கல் வாக்குல, 12.9 1200க்குக் குறையாது. பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஒரு தடவை பட்டது போதும்னு அதுவும் வேண்டாம்னோம்.

கடைசியில அந்த வீலுக்குன்னே விக்கிற செட்டை சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணனோட மச்சான் வாங்கி, ஊர்ல கல்யாணத்துக்கு வரும்போது பெட்டியில போட்டுக் கொண்டு வந்தாரு. ஆறு வாரம் ஆச்சு.

முடிவு

நாலு வீலையும் புது போல்ட்டுல இறுக்கி, சிலிக்கான் அடிச்சு, இந்தத் தடவை மூணு நாள் காயவிட்டோம். மூணு நாளும் ராத்திரி அண்ணன் அந்த ரூமுக்குப் பக்கத்துலயே கட்டில் போட்டுப் படுத்தாரு, எதுவும் விழல. டயல் கேஜ்ல பக்கவாட்டு ஆட்டம் மூணு வீல்ல அரை மில்லிக்குள்ள, நாலாவதுல முதல்ல ஒரு மில்லிக்கு மேல காட்டுச்சு. பிரிச்சுப் பாத்தா ஒட்டுற முகத்துல பழைய சிலிக்கான் நகக்கண் அளவு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, எடுத்ததும் சரியாச்சு.

டயர் மாட்டும்போது நான் கூடவே நின்னேன். மெஷினோட பல்லு லிப்பைக் கடிக்காம உள்பக்கமாப் பிடிக்கச் சொல்லி, பேலன்ஸுக்கு விளிம்புல கவ்வற ஈயம் வேண்டாம், உள்ள ஒட்டற ஈயம் போதும்னு சொல்லி, காத்து அடிச்சு சோப்புத் தண்ணி தடவிப் பாத்தோம். ரெண்டாம் வீல்ல வால்வுகிட்ட மட்டும் குமிழ், வாஷர் மாத்துனதும் நின்னுச்சு. காருல வீல் நட்டை 100 நியூட்டன் மீட்டர்ல இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடுனப்புறம் திரும்பப் பாத்தோம். ஒரு மழைக்காலம் தாண்டி ஓடிருச்சு, காத்து இறங்கல. லிப்புல மட்டும் மார்கழியில லேசா மங்கல், அண்ணன் உக்காந்து தேய்ச்சாரு.

அடுத்த தடவை மாத்தப் போறது

போல்ட்டைத்தான் முதல் நாளே பாப்பேன். கிரேடு என்ன, புதுசு கிடைக்குமா, எத்தனை வாரம் ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் வீலைப் பிரிப்பேன். இந்த வேலையில எண்பது சதவீத நேரம் லிப்புக்குப் போச்சு, லிப்பு மங்குனா வீலு அசிங்கமாகும், போல்ட் உடைஞ்சா வீலு பிரியும். துருப்பிடிச்ச 12.9 போல்ட்டை கம்பி பிரஷ்ல தேய்ச்சாப் போதும், தேறாததை மாத்தணும், ஆசிட் பக்கமே போகக் கூடாது. எந்தக் கடைக்குக் குடுத்தாலும் இது என்ன கிரேடு, எங்க மாட்டற பொருள்னு எழுதியே குடுப்பேன். புது போல்ட்டா இருந்தாலும் இறுக்கிட்டு ரெண்டு மூணு நாள் சும்மா வச்சுப் பாத்துட்டுத்தான் டயர்.

வீட்டுக்குள்ள எந்த ஆசிட்டும் தொறக்க மாட்டேன். அந்தக் கல்லை இன்னும் மாத்தல. ஆச்சி அது மேல நெல்லுக் குதிர் பக்கத்துல இருந்த பெரிய பித்தளை அண்டாவை நகத்தி வச்சுட்டாங்க, வட்டத்துக்கு அளவு சரியா இருக்கு.